பிள்ளையாருக்கு ஒரு கறுப்புக் கனி

விநாயக சதுர்த்தி நெருங்கும் நாள்களில் கும்பகோணத்துக் கடைத்தெருவில் களிமண் பிள்ளையார்களும், வண்ணக் காகிதக் குடைகளும், எருக்கம்பூ மாலைகளும், அறுகம்புல் கட்டுகளும் குவிந்து கிடக்கும். அவற்றின் அருகே இரண்டு கூடைகள் தவறாமல் இருக்கும். ஒன்றில் விளாம்பழம், மற்றொன்றில் நாவற்பழம். ஆனைமுகக் கடவுள் விரும்பி ஏற்கும் கனிகள் இவ்விரண்டும் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவதால், எத்தனை வகைக் கொழுக்கட்டை செய்தாலும் இவை இல்லாத படையலைப் பெரியோர்கள் நிறைவானதாகக் கருதியதில்லை.

இந்த வழக்கத்தில் ஐம்பது ஆண்டுகள் ஊறிய ஓர் அம்மையார், கணவர் மறைந்தபின் மகனோடு வாழ்வதற்காக லண்டன் மாநகரின் தென்மேற்கிலுள்ள விம்பிள்டனுக்குச் சென்று சேர்ந்தார். அங்கே பிள்ளையாருக்குக் குறைவில்லை. 1981ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீ கணபதி ஆலயம் அவர் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கிறது. குறையெல்லாம் வீட்டுப் பூசையில்தான். ஊரில் விடியற்காலையில் நீராடிப் பூக்குடலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் சென்றால் நந்தியாவட்டை, பவழமல்லி, செம்பருத்தி என்று கை நிறையக் கிடைக்கும். மகனுடைய வீட்டின் பின்புறத்தில் இருப்பதோ பத்தடிக்கு எட்டடி அளவில் கல் பாவிய ஒரு சிறு முற்றம். ஒரு பிடி மண்கூடக் கண்ணில் படாது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தைப் பூசைமாடத்தில் வைக்கும்போதெல்லாம், "கடைக்காரன் படைக்கிறான், நான் தட்டை நகர்த்தி வைக்கிறேன்" என்று மருமகளிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார்.

ஓர் ஆகஸ்டு மாத இறுதியில், பள்ளி விடுமுறையிலிருந்த பேத்தியுடன் மாலை உலாவச் சென்றபோது, பாதையோரப் புதர்களில் கறுகறுவென்று சிறு கனிகள் கொத்துக் கொத்தாய்த் தொங்குவதைக் கண்டார். நாவல் நிறம். ஆனால் நாவல் அன்று. கடுகைவிடச் சற்றே பெரிய மணிகள் பலவற்றை ஒன்றாகத் திரட்டி வைத்தாற்போன்ற உருவம். வழியில் செல்வோர் சிலர் சிறு டப்பாக்களில் அவற்றைப் பறித்துச் சேர்த்துக்கொண்டிருந்தனர். "பிளாக்பெர்ரி பாட்டி, நாமும் பறிக்கலாம்" என்றாள் பேத்தி. அம்மையார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு புதருக்குள் கையை நீட்டினார்.

ஏழு பழங்கள் கிடைத்தன. எட்டாவதற்கு எட்டியபோது வளைந்த முள் ஒன்று விரலில் ஏறி, இழுத்த வேகத்தில் கிழித்தும் விட்டது. அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர். நீரிழிவும் உண்டு. கைக்குட்டை நனைந்தும் குருதி நிற்கவில்லை. இரண்டு நாளில் விரல் வீங்கி, மருத்துவரிடம் சென்று, ஒரு வாரம் மருந்து உண்ணும்படி ஆயிற்று. மகன் பதறிப்போனான். "அம்மா, இனிமேல் அந்தப் புதர்ப் பக்கமே போகக் கூடாது. எத்தனை பெட்டி வேண்டுமோ, அத்தனையும் நான் வாங்கித் தருகிறேன்" என்றான். அம்மையார் மறுமொழி கூறவில்லை. முள் குத்திய அன்று மாலை அந்த ஏழு பழங்களும் வெள்ளித் தட்டில் பிள்ளையார் முன் இருந்தன.

மகன் சொன்னதில் தவறில்லை. முதுமையில் தோல் மெலிந்துவிடுகிறது. இளமையில் ஊதிவிட்டால் மறந்துபோகும் கீறல், எழுபதைக் கடந்தவர்க்கு நோயாகிவிடக் கூடும். மண் ஒட்டிய முள் என்றால் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும், தாய் வேண்டியது பழமன்று, தன் கையால் பறித்துப் படைக்கும் பேறு என்பதை மருமகள் விளங்கிக்கொண்டாள். முள்ளே இல்லாத பிளாக்பெர்ரிக் கொடி ஒன்று உண்டென்றும், அதனைத் தொட்டியிலேயே வளர்க்கலாமென்றும் கேட்டறிந்து வந்தவள் அவளே.

அந்த முள்ளில்லாக் கொடியின் வரலாறு தொலைவில் எங்கும் நிகழ்ந்ததன்று. விம்பிள்டன் இன்று மெர்ட்டன் என்னும் நகராட்சி எல்லைக்குள் அடங்கியது. அதே மெர்ட்டனில், ஜான் இன்னிஸ் என்ற செல்வர் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 1910ஆம் ஆண்டில் ஒரு தோட்டக்கலை ஆய்வு நிலையம் நிறுவப்பெற்றது. மரபியல் என்னும் துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டிய வில்லியம் பேட்சன் என்ற அறிஞரே அதன் முதல் இயக்குநர். அங்கே பணியாற்றிய எம். பி. கிரேன் என்பவர், இயற்கையிலேயே முள்ளின்றித் தோன்றிய ஒரு காட்டுக் கொடியை, நன்கு காய்க்கும் முள்கொடி ஒன்றோடு சேர்த்து விதையெடுத்தார். முதல் தலைமுறைக் கன்றுகளில் முள்ளே மேலோங்கி நின்றது. முள்ளின்மை என்னும் குணம் மறைந்து நிற்கும் இயல்புடையது. அடுத்த தலைமுறையில்தான் சில கன்றுகளில் அது மீண்டும் வெளிப்பட்டது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்ற கொடிக்கு 'மெர்ட்டன் தார்ன்லெஸ்' என்று ஊரின் பெயரே வைக்கப்பட்டது. தார்ன்லெஸ் என்றால் முள்ளற்றது. இன்று வீட்டுத் தோட்டங்களில் காணப்படும் முள்ளில்லா வகைகள் பலவற்றுக்கும் அதுவே மூதாதை. கணபதியின் ஆலயம் எழுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, அதே வட்டாரத்தில் ஒருவர் முள்ளை அகற்றி வைத்திருக்கிறார் என்று கேட்டபோது அம்மையார் கை கூப்பினார்.

இங்கே ஒரு சிறு விளக்கம். பிளாக்பெர்ரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூவைப் பார்த்தால் ஐந்திதழ்க் காட்டு ரோஜாவின் தங்கை என்றே தோன்றும். அதன் முள்ளும் ரோஜாவின் முள்ளைப் போலத் தண்டின் தோலிலிருந்து எழுவதே. நாவல் முற்றிலும் வேறு குடும்பம். அயல்நாடு செல்லும் அன்பர் சிலர் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுகிறார்கள். நிறம் ஒன்று, அவ்வளவே.

அப்படியானால் நாவலின் இடத்தில் இதனைப் படைக்கலாமா என்ற ஐயம் எழும். அம்மையாருக்கும் எழுந்தது. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இலை, மலர், கனி, நீர் என்று கண்ணபிரான் எண்ணிச் சொல்லும்போது, இன்ன கனி என்று பெயர் குறிக்கவில்லை. பம்பைக் கரையில் சபரி இராமபிரானுக்குச் சேர்த்து வைத்திருந்தவை, அந்த வனத்தில் அந்தக் காலத்தில் விளைந்தவையே. அயோத்தியின் பழங்களை அவள் தேடிச் செல்லவில்லை. இருந்தாலும் குலவழக்கம் என்று ஒன்று உண்டு. ஐயமுடையோர் தம் குடும்பத்து ஆசாரியரையோ கோயில் அர்ச்சகரையோ கேட்டுத் தெளிவதே முறை. அம்மையார் ஆலயத்து அர்ச்சகரிடம் கேட்டார். "நாவல் கிடைக்கும் ஊரில் நாவல். இங்கே இது விளைகிறது, இதனை வைக்கலாம்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

இனிக் கொடியைப் பற்றி.

முள்ளில்லா வகைகளிலும் எல்லாம் தொட்டிக்கு ஏற்றவையல்ல. சில கொடிகள் பதினைந்து அடிக்கும் மேலாக ஓடும். சிறிய இடத்துக்கு ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பெற்ற 'லாக் நெஸ்' என்பதும், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து வந்த 'வால்டோ' என்பதும் ஏற்றவை. அடங்கி வளர்வதும் நன்கு காய்ப்பதும் இவற்றின் சிறப்பு. மூன்று நான்கு அடிக்குள் புதராகவே நிற்கும் 'பேபி கேக்ஸ்' என்னும் குட்டை வகை அமெரிக்காவில் மக்கள் விரும்பி வளர்ப்பது. அங்குள்ள பிள்ளைகளிடம் சென்று தங்கும் பெரியவர்கள் அதனைக் கேட்டு வாங்கலாம். பழைய முள்ளில்லா வகைகள் சிலவற்றில் ஒரு சூது உண்டு. முள்ளின்மை தண்டின் மேல்தோலோடு நின்றுவிடும். வேரிலிருந்து புதிதாகக் கிளைக்கும் கன்று முள்ளோடு வந்து நிற்கும். வெட்டிலைகளை உடைய 'தார்ன்லெஸ் எவர்கிரீன்' அத்தகையது. கண் மங்கியவர்களுக்கு அது வேண்டாம்.

தொட்டி குறைந்தது ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் கொண்டதாக இருக்க வேண்டும். அடியில் நீர் வடியும் துளைகள் கட்டாயம். மண்ணை நிரப்பி நீரும் ஊற்றிவிட்டால் அதன் எடை ஐம்பது கிலோவை எட்டும். ஆகவே எங்கே வைப்பதென்று முதலிலேயே முடிவு செய்து, வெறுந்தொட்டியை அங்கே வைத்த பிறகே மண்ணிட வேண்டும். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் சுவரோரம் நன்று. பின்னால் நகர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணித் தாமே முயன்று முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர்.

மண் விஷயத்தில்தான் அம்மையாரின் வீட்டில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. அதே மெர்ட்டன் நிலையத்தில் 1930களில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் தொட்டிச் செடிகளுக்கென ஒரு மண் கலவையை வகுத்தார்கள். 'ஜான் இன்னிஸ்' என்ற பெயரில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டு இன்றும் அது இங்கிலாந்தின் தோட்டக் கடைகளில் மூட்டை மூட்டையாக விற்கிறது. பல ஆண்டுகள் தொட்டியில் நிற்கும் பழச்செடிகளுக்கு மூன்றாம் எண் கலவையைத்தான் தோட்டக்காரர்கள் சொல்வார்கள். மருமகளும் அதையே வாங்கி வந்தாள். அம்மையார் பேத்தியை அழைத்து மூட்டையின்மேல் எழுதியிருப்பதையெல்லாம் படிக்கச் சொன்னார். படித்துக்கொண்டே வந்த பெண், விளங்காத ஒரு சொல்லுக்குக் கைப்பேசியில் பொருள் தேடிவிட்டு, "பாட்டி, இதில் மாட்டுக் குளம்பும் கொம்பும் அரைத்த தூள் போடுவார்களாம்" என்றாள்.

உண்மைதான். அந்தக் கலவைக்கு முதன்முதலில் வகுத்த உர முறையில், குளம்பு - கொம்புத் தூள் இரண்டு பங்கு, சூப்பர் பாஸ்பேட் இரண்டு பங்கு, பொட்டாசியம் சல்பேட் ஒரு பங்கு. அதுமட்டுமன்று. அந்நாட்டுத் தோட்டக் கடைகளில் மிகுதியாக விற்கும் உரங்களுள் மீன், இரத்தம், எலும்பு மூன்றையும் உலர்த்திப் பொடித்த கலவையும் ஒன்று. எலும்புத்தூள் தனியாகவும் கிடைக்கும். செடிக்கு இவை நல்லவையே. மண்ணுக்குள் சென்றபின் எல்லாம் மண்தான் என்று வாதிடுவோரும் உண்டு, அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நிவேதனத்துக்கென்றே வளர்க்கும் செடிக்கு மனம் ஒப்பாததை இட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் அதனை எண்ணிக்கொண்டே பழம் பறிப்பதில் என்ன நிறைவு இருக்க முடியும்? அந்த மூட்டை அண்டை வீட்டாருக்குச் சென்றது.

அதற்கு மாற்று உண்டு. விலங்குப் பொருள் கலவாதது என்று மேலேயே அச்சிட்ட மண் கலவைகள் இப்போது கிடைக்கின்றன. அவை எடை குறைந்தவை, விரைவில் உலர்ந்தும் போகும். ஆதலால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தோட்ட மண்ணும், நன்கு மட்கிய சாண எருவும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எரு மூட்டையாகவே விற்பனைக்கு வருகிறது. பசுவின் சாணம் என்றதும் அம்மையாரின் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பூக்கும் காலம் தொட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தக்காளிச் செடிக்கென்று விற்கும் சாம்பல் சத்து மிகுந்த திரவ உரத்தை நீரில் கலந்து ஊற்றலாம். பெரும்பாலும் அது உப்புகளால் ஆனதே. அதிலும் பாட்டிலின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுவது நல்லது.

நடும் காலம் அங்கே நவம்பர் முதல் மார்ச்சு வரை, கொடி உறங்கும் குளிர்காலம். ஒரு தொட்டிக்கு ஒரு கொடி போதும். அதன் பூ தானே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும், துணைக்கொடி வேண்டியதில்லை. தேனீக்கள் வந்தால் மணிகள் நன்கு நிரம்பும். தொட்டியின் பின்புறம் சுவரில் இரண்டு மூன்று கம்பிகளைக் கிடையாக இழுத்துக் கட்டி, அவற்றில் தண்டுகளை விசிறிபோல் பரப்பிக் கட்ட வேண்டும். கம்பிகள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தால் பறிப்பவர் குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். கோடையில் தினந்தோறும் நீர் ஊற்ற வேண்டும். இங்கிலாந்தில்தான் எப்போதும் மழை பெய்கிறதே என்று இருந்துவிடலாகாது. சுவரோரத் தொட்டிக்கு மழை சாரலாகக்கூட எட்டுவதில்லை.

இந்தக் கொடியின் இயல்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேர் பல்லாண்டு வாழும். தண்டுக்கோ ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டில் தண்டு எழுந்து இலை மட்டும் விடும். இரண்டாம் ஆண்டில் அதே தண்டு பூத்துக் காய்த்துப் பழுத்துப் பின்பு காய்ந்துவிடும். அதற்குள் அடியிலிருந்து அடுத்த ஆண்டுக்குரிய புதுத்தண்டுகள் எழுந்து நிற்கும். அம்மையாருக்கு இதை விளக்க மருமகள் படமெல்லாம் வரைந்து கொண்டுவந்தாள். "வாழைதானே? தார் போட்ட மரத்தை வெட்டிவிட்டுப் பக்கக்கன்றை விடுவதில்லையா, அதுபோலத்தான்" என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். குட்டை வகைகளில் சில முதலாண்டுத் தண்டின் நுனியிலும் காய்க்கும். லாக் நெஸ் போன்றவற்றில் அப்படி எதிர்பார்க்க முடியாது.

எனவே முதல் கோடையில் ஒரு பூவும் காணாவிட்டால் செடி மலடு என்று எண்ணிப் பிடுங்கிவிடலாகாது. பழம் பறித்து முடிந்த பிறகு, இலையுதிர் காலத்தில், காய்த்த தண்டுகளை அடியோடு வெட்டிவிட வேண்டும். புதியவற்றில் வலுவான நான்கு ஐந்தை மட்டும் நிறுத்திக் கம்பியில் கட்ட வேண்டும். எது பழையது, எது புதியது என்பதில்தான் பலரும் தடுமாறிப்போகிறார்கள். தவறான தண்டை வெட்டினால் அடுத்த ஆண்டுப் பழம் முழுவதும் போய்விடும். அம்மையார் இதற்கு ஓர் உபாயம் கண்டார். காய்க்கும் தண்டுகளையெல்லாம் சுவரின் இடப்பக்கம் சிவப்பு நூலால் கட்டினார். புதிதாக எழுபவற்றை வலப்பக்கம் சாய்த்து மஞ்சள் நூலால் கட்டினார். பருவம் முடிந்ததும் சிவப்பு நூல் உள்ளதெல்லாம் வெட்டுக்குரியது. கத்தரிக்கோலைப் பிடிப்பது மகன், நூலைக் காட்டுவது அம்மையார்.

இனிப் பறிக்கும் பக்குவம். நிவேதனப் பொருளை முன்னதாகச் சுவைக்கக் கூடாது, முகரவும் கூடாது என்பது முறை. சபரி ஒவ்வொரு கனியையும் கடித்துப் பார்த்து இனியதை மட்டும் இராமனுக்கு வைத்தாள் என்ற கதை நாடெங்கும் வழங்கினாலும், வான்மீகத்தில் அப்படி இல்லை. பின்வந்த பக்தர்களின் அன்பு சேர்த்த செய்தி அது. அன்பின் உச்சியில் நின்ற அவளுக்கு அது பொருந்தும். நித்திய பூசை செய்வோர்க்கு வேறு வழி வேண்டுமே. பிளாக்பெர்ரி அந்த வழியைத் தானே காட்டுகிறது.

காய் முதலில் பச்சை, பிறகு சிவப்பு, பிறகு பளபளக்கும் கறுப்பு. அந்தப் பளபளப்பைக் கண்டு பறித்தவர்கள் ஏமாந்துபோவார்கள். அப்போது அது புளிக்கும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் மினுமினுப்பு அடங்கி நிறம் மங்கும். அந்த நிலையில் பழத்தின் அடியில் விரலை வைத்து மெல்லத் தொட்டாலே காம்பை விட்டுக் கைக்குள் வந்துவிடும். இழுத்தால்தான் வருகிறது என்றால் அது இன்னும் கனியவில்லை. பறித்து வைத்துப் பழுக்கவிடலாம் என்பதும் இதனிடம் நடவாது. மாங்காய்க்கும் வாழைக்காயுக்கும் உள்ள அந்தக் குணம் இதற்கில்லை. ஆகவே விரலே நாக்கு. கண் பார்வை குறைந்தவர்களும், இனிப்பைச் சுவைத்துப் பார்க்கக் கூடாதென்று மருத்துவர் தடுத்தவர்களும் தொட்டே அறியலாம்.

பனி உலர்ந்த காலை நேரம் பறிப்பதற்கு ஏற்றது. ஈரத்தோடு பறித்த பழம் மாலைக்குள் பூசணம் பிடிக்கும். கனிக்குள் சில வேளை சிறு புழு இருப்பதுண்டு. ஒருவகை வண்டு பூவில் இட்ட முட்டையிலிருந்து வருவது அது. சிறிதளவு உப்பிட்ட நீரில் சில நிமிடம் போட்டு வைத்தால் புழு வெளியேறிவிடும். பின்பு நல்ல நீரில் ஒருமுறை அலசிப் படைக்கலாம். பழச்சாறு துணியில் பட்டால் எளிதில் போகாது. சுவாமியின் வஸ்திரத்துக்கு எட்டத் தட்டை வைக்க வேண்டும். பிரசாதமாக உண்ணும்போது, பல்செட் அணிந்தவர்கள் விதைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை உண்டு. நூறு கிராம் பழத்தில் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம்தான், நார்ச்சத்தும் அதே அளவு இருக்கிறது. நீரிழிவுடையோர் அளவோடு உண்ணத் தடையிராது. எனினும் மருத்துவர் சொல்லே முதல்.

பறவைகளுக்கு இந்தப் பழம் என்றால் உயிர். வலை போர்த்துவது அங்கே வழக்கம். வலையைத் தளர்த்தியாகப் போட்டால் குருவியின் கால் சிக்கிக்கொள்ளும், ஆகவே விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். அம்மையார் கீழ்க்கம்பிக்கு மட்டும் வலை போட அனுமதித்தார். மேல்கம்பி பறவைகளுக்கு.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் அந்நாட்டு மக்களிடையே ஒரு பழங்கதை உண்டு. செப்டம்பர் 29ஆம் நாள் மைக்கேல் என்னும் தேவதூதரின் திருநாள். பழைய நாள்காட்டியின்படி அது அக்டோபர் 10ஐ ஒட்டி வரும். விண்ணிலிருந்து அவரால் தள்ளப்பட்ட சாத்தான் ஒரு பிளாக்பெர்ரிப் புதரின்மேல் வந்து விழுந்தானாம். முள் குத்திய சினத்தில் அந்தப் பழங்களின்மேல் உமிழ்ந்துவிட்டானாம். ஆதலால் அந்நாளுக்குப் பிறகு அவற்றைப் பறிப்பதில்லை என்பார்கள். குளிரும் ஈரமும் மிகுந்தபின் பழம் நீர்த்துப் பூசணம் பிடிப்பதை முன்னோர் இப்படிச் சொல்லி வைத்தார்கள் போலும். பேத்தி இக்கதையைச் சொன்னபோது, "முள் இல்லாத கொடியில் விழுந்திருந்தால் அவனுக்குக் கோபம் வந்திராது" என்றார் அம்மையார்.

தமிழ்நாட்டிலிருந்து இதனைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். சென்னையிலோ மதுரையிலோ மொட்டைமாடியில் இக்கொடியை வைத்துப் பழம் எதிர்பார்க்க வேண்டாம். காய்ப்பதற்கு முன் சில நூறு மணி நேரமாவது கடுங்குளிரில் உறங்க வேண்டிய இனம் இது. சமவெளியின் வெப்பத்தில் அந்த உறக்கம் வாய்க்காது. வண்ணப்படத்தை மட்டும் காட்டி விற்பவர்களிடம் பணத்தை இழக்கலாகாது. இதன் காட்டு உறவினங்கள் நீலகிரி மலைச்சரிவுகளில் முள்ளோடு தாமே வளர்கின்றன. அயல்நாட்டிலிருந்து திரும்பும்போது ஒரு துண்டுத் தண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஆசையும் கூடாது. நோய் பரவாதிருக்க அதற்குச் சட்டத் தடை உண்டு.

அம்மையாரின் கொடி பிப்ரவரியில் நடப்பட்டது. அந்தக் கோடை முழுதும் இலைதான். சதுர்த்திக்கு அந்த ஆண்டும் பெட்டிப் பழமே வந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் தோன்றின. ஆகஸ்டில் காய்கள் சிவந்தன. ஒவ்வொரு நாளும் மகன் அலுவலகம் செல்லுமுன் முற்றத்துக்கு வந்து, தாயின் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்வான். கீறல் எதுவும் இருக்காது.

சதுர்த்தியன்று காலை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பூக்குடலையை அம்மையார் பரணிலிருந்து எடுக்கச் சொன்னார். நாற்காலி ஒன்றைக் கொடியின் முன் போட்டு அமர்ந்துகொண்டார். தொட்டவுடன் வந்தவை பதினொன்று. இரண்டு வரவில்லை, அவற்றை அப்படியே விட்டுவிட்டார்.

அக்டோபரில் சிவப்பு நூல் கட்டிய தண்டுகள் வெட்டப்பட்டன. புதுத்தண்டு ஒன்று மிக நீண்டு தரையை நோக்கி வளைந்திருந்தது. அதன் நுனியைச் சிறு தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அது வேர்விடும். ஆலயத்தில் அறிமுகமான யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் இரண்டாம் மாடியில் சிறிய பால்கனியுள்ள வீட்டில் இருக்கிறார். மார்ச்சு மாதத்தில் அறுத்து அவரிடம் கொடுக்க வேண்டும் என்று பேத்தி நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.